ஸ்லைடுல ஒண்ணும் இல்லையாம், காய்ச்சல் மட்டும் விட மாட்டேங்குது

டாக்டரம்மா பதில்கள்

போன இதழ்ல மலேரியா பத்தி சின்னதா ஒரு பதில் எழுதியிருந்தேன், காய்ச்சல்னா மாத்திரைக்கு முன்னாடி ரத்தத்த பாருங்கன்னு. அதுக்கு வந்த கடிதங்கள்ல நிறைய பேரு கேட்டது ஒரே விஷயம்தான், டாக்டரம்மா நாங்க எச்.ஐ.வி-க்கு கூட்டு மாத்திரை சாப்பிடுறவங்க, இல்லன்னா எங்க பிள்ள சாப்பிடுது, எங்களுக்கும் அதே டெஸ்ட் போதுமான்னு. அதனால இந்தத் தடவ பக்கம் முழுக்க அதுக்கே விட்டாச்சு. சக்கரை, மூட்டுவலி கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கங்க. யாரு பேரும் போடல, ஆள் அடையாளம் தெரியிற மாதிரி இருந்த விவரத்தையும் எடுத்துட்டேன்.

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு இப்ப அஞ்சு மாசம், ரெண்டாவது பிள்ள. முத பிள்ள உண்டானப்ப எடுத்த டெஸ்ட்ல எச்.ஐ.வி தெரிஞ்சுது, அப்பருந்து மாத்திரை விடாம சாப்பிடுறேன். வீட்டுக்காரரு மங்களூர் போட்டுக்கு தொழிலுக்குப் போயிட்டு வந்தப்ப அவருக்கு மலேரியா இருந்துச்சு, சரியாயிருச்சு. இப்ப எனக்கு பத்து நாளா விட்டு விட்டு காய்ச்சல், சாயங்காலமானா குளிரு. ஒரு சொட்டு ரத்தம் விட்டு கோடு வருதான்னு பாக்குற கார்டுல பாத்தாங்க நெகட்டிவ், ஸ்லைடும் எடுத்தாங்க ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. அப்ப மலேரியா இல்லதானே? முத பிள்ளைக்கு வரலைன்னா ரெண்டாவதுக்கு வரவே வராதுன்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்றாங்க. – தங்கச்சிமடம் பக்கம்

பதில்: தங்கச்சி, இல்லன்னு இப்பவே முடிவு பண்ணிறாதீங்க. இருக்குன்னும் நான் சொல்லல. ஒரு கார்டும் ஒரு ஸ்லைடும் உங்க நிலைமைல இருக்கிற ஒருத்தருக்கு முழு பதில் கிடையாது, அதத்தான் சொல்றேன்.

ஸ்லைடு பாக்குறதுன்னா என்ன பண்றாங்கன்னு முதல்ல தெரிஞ்சுக்கங்க. விரல் நுனியில குத்தி, கண்ணாடித் துண்டுல ரத்தத்த ரெண்டு விதமா பூசுவாங்க, ஒண்ணு தடிப்பா, ஒண்ணு மெலிசா. தடிப்புப் பூச்சுல கிருமி இருக்கா இல்லையான்னு பாப்பாங்க, மெலிசுல அது எந்த வகைன்னு பாப்பாங்க. தடிப்புப் பூச்சு எந்தளவு இருக்கணும்னா அடியில நியூஸ் பேப்பர வெச்சா எழுத்து மங்கலா தெரியணும், அதுக்கு மேல தடிச்சா காஞ்சு உரிஞ்சு வந்துரும், ரொம்ப மெலிஞ்சா கிருமி கண்ணுல மாட்டாது. அப்புறம் சாயம் போட்டு, எண்ணெய் லென்ஸ்ல வெச்சு, குறைஞ்சது 100 இடமாச்சும் நகத்தி நகத்திப் பாத்துட்டுதான் நெகட்டிவ்னு எழுதணும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேசையில இன்னும் நாப்பது ஸ்லைடு அடுக்கியிருந்தா அந்த நூறு இடம் எவ்வளவு பொறுமையா பாக்கப்படும்னு நீங்களே யோசிச்சுக்கங்க, டெக்னீஷியன் தம்பிகள குத்தம் சொல்லல, ஆள் பத்தாத இடத்துல அவங்க படுற பாடு எனக்குத் தெரியும். நல்லா கை பழகுனவங்களே ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்துல 50 கிருமியாச்சும் இருந்தாதான் நம்பிக்கையா புடிப்பாங்க. அந்த ஒரு மைக்ரோ லிட்டருக்குள்ள சிவப்பணு மட்டும் ஏறக்குறைய 50 லட்சம், ஆக லட்சத்துல ஒண்ண தேடுற வேலை அது. கார்டுக்கு இன்னும் அதிகமா வேணும், 100-லருந்து 200 கிருமி. நம்ம தமிழ்நாட்டுல அதிகமா இருக்கிற வைவாக்ஸ் மலேரியாவோ இளசான சிவப்பணுவுக்குள்ள மட்டும்தான் போகும், அதனால ரத்தத்துல எண்ணிக்கையே கம்மியா இருக்கும்.

இதுக்கு மேல நீங்க மாசமா இருக்கீங்க. ஃபால்சிபாரம்னு இன்னொரு வகை இருக்கு, உயிருக்கு ஆபத்தானது அதுதான், அந்தக் கிருமி புகுந்த சிவப்பணு போயி நச்சுக்கொடில ஒட்டிக்கும். நச்சுக்கொடிக்குள்ள கிருமி நெறைஞ்சு கெடக்கும், விரல்ல குத்துனா ஒண்ணுமே தெரியாது. பிள்ளைக்குப் போற சாப்பாடு அந்த வழியாத்தான் போகுது, அதனாலதான் எடை கொறஞ்ச பிள்ள பொறக்குது, அம்மாவுக்கு ரத்தம் கொறையுது. நல்ல வேளையா ஃபால்சிபாரம் விடுற ஒரு புரதம் நச்சுக்கொடிலருந்து கசிஞ்சு ரத்தத்துக்கு வரும், கார்டு அதைப் புடிக்கும், அதனாலதான் கார்டு, ஸ்லைடு ரெண்டுமே பாக்கச் சொல்றது.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னதுல ஒரு துளி உண்மை இருக்கு. மலேரியா வருஷம் பூரா அடிக்கிற ஆப்பிரிக்க ஊர்கள்ல முத பிள்ளைக்கும் ரெண்டாவது பிள்ளைக்கும்தான் ஆபத்து அதிகம், போகப் போக அம்மா உடம்பு அந்த நச்சுக்கொடி ஒட்டுற கிருமிய எதுக்கப் பழகிக்கும். ஆனா எச்.ஐ.வி இருந்தா அந்தப் பழக்கம் உடம்புல நிக்காது, மூணாவது நாலாவது பிள்ளைக்கும் அதே ஆபத்துதான்னு அங்க பாத்தவங்க எழுதியிருக்காங்க. நம்ம ஊர்ல மலேரியா அந்தளவு கிடையாது, அதனால நம்ம யாருக்கும் அந்தப் பழக்கமே வந்திருக்காது, உங்களுக்கும் கிடையாது அந்த அக்காவுக்கும் கிடையாது. அவங்க கணக்கு இங்க செல்லாது.

இன்னொண்ணு, எச்.ஐ.வி கூட்டு மாத்திரை, அதாவது ஏ.ஆர்.டி, குடுக்குற மையத்துல உங்களுக்கு அதோட மத்த தொத்து வராம தடுக்குற செப்ட்ரான் மாத்திரையும் தினமும் குடுத்திருந்தா, அது மலேரியாக் கிருமியையும் கொஞ்சம் அமுக்கி வெக்கும். உகாண்டாவுல அத சாப்பிட்டவங்களுக்கு மலேரியாவே கொறஞ்சுது, நல்ல விஷயம்தான், ஆனா அதையும் மீறி வந்தா கிருமி எண்ணிக்கை கம்மியா இருந்து டெஸ்ட்ல தப்பிக்கலாம்.

இப்ப செய்ய வேண்டியது, நாளைக்கே திரும்பப் போங்க. காய்ச்சல் ஏறுற நேரம்தான் போகணும்னு காத்திருக்க வேணாம். 12 மணி நேரத்துலருந்து 24 மணி நேரம் இடைவெளி விட்டு மொத்தம் மூணு தடவையாச்சும் ஸ்லைடு பாக்கச் சொல்லுங்க. வீட்டுக்காரருக்கு மங்களூர்ல மலேரியா வந்துச்சுங்கிறத மறக்காம சொல்லுங்க, நம்ம கரைல யாரும் சொல்றதே இல்ல, கேட்டாலும் 'அவரு தொழிலுக்குப் போயிருந்தாரு'ன்னு முடிச்சுருவாங்க, எந்த ஊருன்னு சொன்னாத்தான் எங்களுக்கு எத தேடணும்னு தெரியும். அதே நேரம் பத்து நாள் காய்ச்சல் மாசமா இருக்கிறவங்களுக்கு, அதுவும் எச்.ஐ.வி-யோட, மலேரியா மட்டும் பாத்துட்டு விடக்கூடாது. மூத்திரத்துல கிருமி, டெங்கு, டைபாய்டு, ஸ்க்ரப் டைபஸ், முக்கியமா டி.பி, இது எல்லாத்தையும் பாக்கணும். சாயங்காலம் காய்ச்சல்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதனாலயே டி.பி-ய விடாம பாக்கச் சொல்றேன். ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில இதெல்லாம் ஒரே இடத்துல பாக்கலாம், பாலம் தாண்டி அவ்வளவு தூரமான்னு யோசிக்காதீங்க.

கேள்வி: எச்.ஐ.வி இருக்கிறவங்கள கடிச்ச கொசு நம்மள கடிச்சா நமக்கு எச்.ஐ.வி வருமா? மலேரியா வருதே? – தொண்டி

பதில்: வராது. மலேரியாக் கிருமி கொசு வயித்துல வளந்து, பெருகி, எச்சில் சுரப்பிக்கு வந்துதான் அடுத்த ஆளுக்குப் போகுது, அதுக்குக் கொசு ஒரு வீடு. எச்.ஐ.வி கொசுவுக்குள்ள வளரவே முடியாது, குடிச்ச ரத்தத்தோட சேந்து செரிச்சுப் போயிரும். இத நம்பி யாரையாவது வீட்டுக்குள்ள விடாம வெச்சிருந்தீங்கன்னா இன்னிக்கே கூப்பிட்டு உக்காரவெச்சு சோறு போடுங்க.

கேள்வி: அம்மா, நான் மண்டபம் ஒன்றியத்துல சுகாதார வேலைல இருக்கேன். மலேரியா கார்டு கிட்ட பைல போட்டுக்கிட்டு வண்டில கடற்கரை ஊருக்கெல்லாம் போறேன், சித்திரை வெயில்ல டிக்கிக்குள்ள கை வெக்க முடியல, கிட் கெட்டுப் போகுமா? இன்னொரு சந்தேகம், ஒரு அம்மாவுக்கு எச்.ஐ.வி இருக்கான்னு தெரிஞ்சா நான் இன்னும் கவனமா பாப்பேன், ஆனா பாசி எடுக்கப் போற பொம்பளைங்க பத்துப் பேரு சுத்தி நிக்கிற இடத்துல எப்படிக் கேக்குறது?

பதில்: ரெண்டுமே அருமையான கேள்வி தங்கச்சி, உங்கள மாதிரி ஆளு அந்தக் கரைக்குக் கெடச்சது அந்த ஊரோட நல்ல நேரம்.

கிட் கண்டிப்பா கெடும். பாக்கெட் மேலயே எத்தன டிகிரி வரைக்கும்னு போட்டிருக்கும், சில கம்பெனி 30, சிலது 40 வரைக்கும். வெயில்ல நிக்கிற ஸ்கூட்டர் டிக்கிக்குள்ள அதைத் தாண்டிரும். சூட்டுல கெட்டுப்போன கிட் கோடு காட்டாது, நீங்க நெகட்டிவ்னு எழுதிட்டு வந்துருவீங்க, அந்தப் பிள்ளைக்கு உள்ள கிருமி இருக்கும். அன்னிக்குத் தேவையான அளவு மட்டும் எடுத்து தடுப்பூசி கொண்டு போற மாதிரி ஒரு பெட்டில, ஆனா ஐஸ் மேல படாம, வெச்சுக் கொண்டு போங்க. கடல் காத்துல ஈரம் அதிகம், அதனால கவர முன்கூட்டியே பிரிச்சு வெக்காதீங்க, ரத்தம் எடுக்குற நிமிஷத்துல பிரிங்க. பாக்கெட்டுல எத்தன நிமிஷம்னு போட்டிருக்கோ, பெரும்பாலும் 15-லருந்து 20, அப்பத்தான் படிக்கணும். முன்னாடியே பாத்தா மங்கலான கோடு தெரியாது, மறந்துட்டு ஒரு மணி நேரம் கழிச்சுப் பாத்தா இல்லாத கோடு தெரியும். கிட் வேலை செய்யுதுன்னு காட்டுற கன்ட்ரோல் கோடு வரலைன்னா அந்த டெஸ்ட்டே கணக்குல வராது, வேற கிட் போடுங்க. கன்ட்ரோல் கோடு வந்திருந்தா, மலேரியாக் கோடு எவ்வளவு மங்கலா இருந்தாலும் கோடு கோடுதான், பாசிட்டிவ்.

ரெண்டாவதுக்கு வர்றேன். எச்.ஐ.வி இருக்கான்னு நீங்க கேக்கவே வேணாம். காய்ச்சல்னு வர்ற எல்லா அம்மாக்கிட்டயும், ஒருத்தர் விடாம, தனியா கூட்டிட்டுப் போயி ஒரே கேள்வி கேளுங்க, 'தினமும் ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறீங்களா, பேரு தெரியுமா, பட்டை இருக்கா'ன்னு. சக்கரைக்கு சாப்பிடுறவங்களும் சொல்வாங்க, செப்ட்ரான் சாப்பிடுறவங்களும் சொல்வாங்க. தெரிஞ்சதும் உங்க நோட்டுல பேருக்குப் பக்கத்துல எதுவும் எழுதாதீங்க, ஆஷா அக்காகிட்டகூட சொல்லாதீங்க. 2017-ல வந்த எச்.ஐ.வி சட்டம், 2018 செப்டம்பர்லருந்து நடைமுறைல இருக்கு, சம்மதம் இல்லாம ஒருத்தரோட எச்.ஐ.வி நிலைய வெளிய சொல்லக் கூடாதுன்னு தெளிவா சொல்லுது. சின்ன ஊர்ல ஒரு வாய் தவறுனா அந்தப் பொண்ணு அடுத்த நாள் பாசி எடுக்க போட்ல ஏற முடியாது, அப்புறம் எந்தக் காய்ச்சலுக்கும் உங்ககிட்ட வரமாட்டா.

கேள்வி: என் மக வீட்டுப் பேத்திக்கு ஏழு வயசு, பொறந்ததுலருந்தே எச்.ஐ.வி, தாயும் இல்ல, நாந்தான் வளக்குறேன். போன மாசம் ஃபால்சிபாரம் மலேரியான்னு ஆஸ்பத்திரில வெச்சு பாத்தாங்க, நல்லாயிருச்சு. இருபது நாள் கழிச்சு திரும்பக் காய்ச்சல், ஒரு கிளினிக்ல கார்டு போட்டா மலேரியா பாசிட்டிவ். மறுபடி மலேரியா மாத்திரை குடுத்தாங்க, நாலு நாளாச்சு, காய்ச்சல் குறையல, மூச்சு வேகமா விடுது. – கீழக்கரை

பதில்: அம்மா, உங்க கடிதம் கையில வந்த அன்னிக்கே ஆபீஸ்லருந்து உங்களுக்குப் போன் பண்ணி பிள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லிட்டோம், போயிட்டீங்கன்னு சொன்னாங்க, அல்ஹம்துலில்லாஹ். மத்தவங்களும் தெரிஞ்சுக்கணும்னு இங்க எழுதுறேன்.

நெகட்டிவ் எப்படி ஏமாத்தும்னு மேல சொன்னேன், பாசிட்டிவும் ஏமாத்தும். ஃபால்சிபாரம் கார்டு தேடுறது உயிரோட இருக்கிற கிருமிய இல்ல, கிருமி விட்டுட்டுப் போற புரதத்த. மருந்து குடுத்து கிருமி எல்லாம் செத்த பிறகும் அந்தப் புரதம் ரெண்டு மூணு வாரம், சிலருக்கு ஒரு மாசத்துக்கு மேலயும் ரத்தத்துல சுத்திக்கிட்டு இருக்கும். அதனால சமீபத்துல மலேரியாவுக்கு மருந்து சாப்பிட்ட பிள்ளைக்குத் திரும்பக் காய்ச்சல் வந்தா கார்ட நம்பக்கூடாது, ஸ்லைடுதான். ஸ்லைடுல கிருமிய நேரா பாக்கலாம், எத்தன இருக்குன்னு எண்ணலாம், மருந்துக்கு அப்புறம் கொறையுதான்னும் பாக்கலாம்.

அதவிடப் பெரிய விஷயம் இது. எச்.ஐ.வி இருக்கிற பிள்ளைக்கு மலேரியா நிஜமாவே இருந்தாலும்கூட காய்ச்சலுக்குக் காரணம் அது மட்டும்தான்னு சொல்லிற முடியாது. ஆப்பிரிக்க ஆஸ்பத்திரிகள்ல இத நிறைய பாத்திருக்காங்க, ஸ்லைடுல நாலு கிருமி தெரியும், மலேரியான்னு படுக்க வெப்பாங்க, ரத்தத்த கல்ச்சர் போட்டுப் பாத்தா சால்மொனெல்லாவோ நிமோனியா பாக்டீரியாவோ வளந்திருக்கும், பிள்ள உயிர் போறது அதனால. மூச்சு வேகமா இருக்குன்னு எழுதியிருந்தீங்க, நிமோனியா, டி.பி ரெண்டையும் அன்னிக்கே பாக்கணும். மலேரியா மாத்திரை போட்டு ரெண்டு நாள்ல காய்ச்சல் எறங்கலைன்னா அதே மாத்திரைய நீட்டிக்கிட்டு இருக்கக் கூடாது, 'வேற என்ன'ன்னு தேடணும். புதுசா ஏ.ஆர்.டி ஆரம்பிச்ச பிள்ளைன்னா அந்த மருந்தாலயும் காய்ச்சல் வரும், அபகாவிர்ங்கிற ஏ.ஆர்.டி மருந்து ஆரம்பிச்ச முதல் ஆறு வாரத்துல காய்ச்சலோட தடிப்பு, வாந்தி வந்தா உடனே மையத்துக்குப் போகணும்.

பிள்ள பால் தண்ணி எறங்காம கெடந்தா, வலிப்பு வந்தா, கூப்பிட்டா கண்ண தொறக்கலைன்னா, மூத்திரம் கட்டங்காப்பி நிறத்துல போனா, மூச்சு இழுத்தா, டெஸ்ட் என்ன சொல்லுதுன்னு பாக்காம 108-க்குப் போன் பண்ணுங்க.

கேள்வி: நான் நர்சிங் படிக்கிறேன். எச்.ஐ.வி-யும் மலேரியாவும் சேந்து வர்றது பத்தி எதப் படிச்சாலும் உகாண்டா, மலாவின்னே வருது. நமக்கு இது தேவையா டாக்டர்? – ராமேஸ்வரம்

பதில்: நோய் அங்கதானே அதிகம், அதனால ஆராய்ச்சியும் அங்கதான். 2023-ல உலகத்துல மலேரியாவால செத்தவங்க ஏறக்குறைய 5 லட்சத்து 97 ஆயிரம் பேருன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதுல நூத்துக்கு 95 பேரு ஆப்பிரிக்கா, அதுல நாலுல மூணு பங்கு அஞ்சு வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைங்க. எச்.ஐ.வி இருக்கிறவங்களுக்கு மலேரியா அடிக்கடி வருது, ரத்தத்துல கிருமியும் அதிகமா இருக்குன்னு உகாண்டா கிராமங்கள்ல பாத்தாங்க, 2000-ல அது வெளிய வந்துச்சு. மலேரியா வந்தா கொஞ்ச நாளைக்கு எச்.ஐ.வி வைரஸ் எண்ணிக்கை கூடுது, சரியானதும் திரும்ப எறங்குதுன்னு மலாவில பாத்தாங்க.

அங்க உள்ளத அப்படியே இங்க ஒட்ட முடியாது. அங்க ஃபால்சிபாரம், இங்க பெரும்பாலும் வைவாக்ஸ். அங்க மாசமா இருக்கிறவங்களுக்கு நோய் இல்லாமலே தடுப்பா மலேரியா மருந்து குடுப்பாங்க, இங்க அந்த வழக்கம் கிடையாது, காய்ச்சல் வந்தா சோதிச்சுப் பாத்துதான் மருந்து. ஆனா உங்களுக்குத் தேவைப்படுற ஒரு பாடம் தென்னாப்பிரிக்காவுல க்வாசுலு நடால் பக்கம் இருக்கு. அங்கயும் நம்ம மாதிரி மலேரியா எப்பவாச்சும்தான் தலைகாட்டும், ஜனங்களுக்கு எதிர்ப்புச் சக்தி கம்மி. அந்த மாதிரி இடத்துல எச்.ஐ.வி இருக்கிறவங்களுக்கு ஃபால்சிபாரம் வந்தா கடுமையாகுற வாய்ப்பு அதிகம்னு பாத்திருக்காங்க. மலேரியா கொறைய கொறைய டாக்டருக்கும் நர்ஸுக்கும் அது ஞாபகத்துலருந்து போயிருது, டெக்னீஷியன் பாசிட்டிவ் ஸ்லைடு பாத்தே மாசக்கணக்கா ஆயிருக்கும், கண்ணு பழக்கம் விட்டுப் போயிரும். 2030-க்குள்ள மலேரியாவ ஒழிக்கணும்னு நாடே வேலை பாக்குது, கடைசில மிஞ்சி நிக்கிற அந்த ஒண்ணு ரெண்டு கேஸ் தப்பிக்காம புடிக்க வேண்டியது நீங்கதான். படிங்க, நல்லா படிங்க.

கேள்வி: என் தங்கச்சிக்கு எச்.ஐ.வி. பிள்ள பொறந்து மூணு மாசம், தாய்ப்பால்தான் குடுக்குறா, பிள்ளைக்கு மருந்தும் குடுத்தாங்க. இப்ப பிள்ளைக்கு மூணு நாளா காய்ச்சல், வயித்துல கை வெச்சா இடது பக்கம் கட்டியா இருக்கு. எச்.ஐ.வி வந்துருச்சோன்னு அழுதுக்கிட்டே இருக்கா, ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேங்குறா. – பாம்பன்

பதில்: முதல்ல தங்கச்சிய அழ வேணாம்னு சொல்லுங்க, காய்ச்சல்னா எச்.ஐ.வி-ன்னு அர்த்தமில்ல. அம்மா மாத்திரைய ஒழுங்கா சாப்பிட்டு, பிள்ளையும் மருந்து சாப்பிட்டிருந்தா பிள்ளைக்கு வராம இருக்கத்தான் வாய்ப்பு ரொம்ப அதிகம். ஆனா ஆஸ்பத்திரிக்கு இன்னிக்கே போகணும், மூணு மாசப் பிள்ளைக்கு மூணு நாள் காய்ச்சல்னா வீட்ல வெச்சுப் பாக்குற விஷயமே இல்ல. இடது பக்கம் கட்டின்னு சொல்றீங்களே அது மண்ணீரல் வீங்கியிருக்கலாம், மலேரியாவுல அப்படி வீங்கும்.

இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு மலேரியா வருமான்னு நிறைய பேரு கேக்குறாங்க. வரும். கொசு கடிச்சும் வரும், அம்மாவுக்கு மாசமா இருக்கிறப்ப மலேரியா இருந்திருந்தா பொறக்கும்போதே பிள்ளைக்கு வந்திருக்கவும் செய்யும், அது பெரும்பாலும் பொறந்து கொஞ்ச நாள்லயே தெரிஞ்சுரும். சாதாரணமா அம்மாகிட்டருந்து நச்சுக்கொடி வழியா பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி எறங்கும், முதல் சில மாசம் அதுதான் காப்பாத்தும். அம்மாவுக்கு எச்.ஐ.வி இருந்தாலோ நச்சுக்கொடில மலேரியா இருந்தாலோ அது கம்மியாத்தான் எறங்குது. அதனால 'மூணு மாசம்தானே, மலேரியாவா இருக்காது'ன்னு யாராச்சும் சொன்னா ஒத்துக்காதீங்க, ஸ்லைடு பாக்கச் சொல்லுங்க. பச்சப் பிள்ளைக்கு விரல்ல குத்த மாட்டாங்க, குதிகால் ஓரத்துல குத்தி எடுப்பாங்க.

எச்.ஐ.வி டெஸ்ட்ட பொறுத்தவரைக்கும், பெரியவங்களுக்குப் பாக்குற சாதாரண டெஸ்ட்ட இந்தப் பிள்ளைக்குப் போட்டு பாசிட்டிவ்னு வந்தா அத வெச்சு எதுவும் முடிவு பண்ணக் கூடாது. அம்மாவோட எதிர்ப்பணு 18 மாசம் வரைக்கும் பிள்ள ரத்தத்துல இருக்கும், டெஸ்ட் அதத்தான் காட்டும். சரியான டெஸ்ட் ஆறாவது வாரத்துல குதிகால்ல ரத்தம் எடுத்து தாள்ல சொட்டா காயவெச்சு அனுப்புற, வைரஸையே நேரா தேடுற பி.சி.ஆர். அது எடுத்தாச்சா, ரிசல்ட் என்ன, எச்.ஐ.வி டெஸ்ட் பண்ற நம்பிக்கை மையத்துல கேளுங்க. எடுக்கலைன்னா இப்பவும் எடுக்கலாம். தாய்ப்பால் குடுக்குறத நிறுத்த வேணாம். தங்கச்சிக்கு நேர்ல வரக் கூச்சமா இருந்தா 1097-க்குப் போன் பண்ணச் சொல்லுங்க, காசு கிடையாது, பேரு சொல்ல வேண்டியதில்ல.

கேள்வி: மெடிக்கல்ல குளோரோகுயின் ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டா குளிர்காய்ச்சல் நிக்குது. அதுக்கு எதுக்கு டெஸ்ட்? – தேவிபட்டினம்

பதில்: நிக்காது, ஒளிஞ்சுக்கும். அரைகுறையா போட்ட மாத்திரை கிருமிய டெஸ்ட்ல தெரியாத அளவுக்குக் கொறைக்கும், சாகடிக்காது. அடுத்த வாரம் நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்தா ஸ்லைடு நெகட்டிவ், எங்களுக்கு ஒண்ணும் புரியாது. ஏற்கனவே போட்டிருந்தா போட்டேன்னு சொல்லிருங்க, யாரும் திட்டமாட்டாங்க.

கேள்வி: மலேரியா மாத்திரையும் ஏ.ஆர்.டி மாத்திரையும் ஒண்ணா சாப்பிடலாமா? எத நிறுத்தணும்? – சாயல்குடி

பதில்: ஏ.ஆர்.டி-ய எந்தக் காய்ச்சலுக்கும் நீங்களா நிறுத்தக் கூடாது. வைவாக்ஸுக்குக் குடுக்குற குளோரோகுயின மாசமா இருக்கிறவங்களும் சாப்பிடலாம். கவனம் வேண்டியது ஃபால்சிபாரத்துக்கு. அதுக்கு நம்ம நாட்டுல பல வருஷமா குடுத்துட்டு வந்த ஒரு கூட்டு மருந்துல ஆர்டிசுனேட்டோட சல்ஃபா மருந்தும் சேந்திருக்கு. செப்ட்ரானும் சல்ஃபாதான். தினமும் செப்ட்ரான் சாப்பிடுற எச்.ஐ.வி நோயாளிக்கு அந்தக் கூட்டு மருந்து வேணாம்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கு, அதுக்குப் பதிலா ஆர்டிமெதர்-லூமிஃபான்ட்ரின் மாதிரி வேற இருக்கு. மாசமா இருக்கிறவங்களுக்கு முதல் மூணு மாசத்துலயும் அதக் குடுக்கலாம்னு 2022-ல சொல்லிட்டாங்க. இப்ப பெரும்பாலான பேரு சாப்பிடுற டொலுடெக்ராவிர்ங்கிற ஏ.ஆர்.டி மாத்திரையோட அதுக்குப் பெரிய சண்டை கிடையாது, பழைய எஃபாவிரென்ஸ்னா லூமிஃபான்ட்ரின் அளவு ரத்தத்துல கொறையும், அவங்கள கூடுதலா கவனிச்சுப் பாக்கணும். இதெல்லாம் நீங்க மனப்பாடம் பண்ண வேணாம், மாத்திரைப் பட்டைய ஒரு பைல போட்டுக் கொண்டு போயி டாக்டர் மேசைல வெச்சுருங்க. நோய்ப் பேரச் சொல்ல வாய் வரலைன்னாலும் பட்டையப் பாத்தா அவருக்குப் புரியும்.

கேள்வி: மாசமா இருக்கிறப்ப வைவாக்ஸ் மலேரியா வந்து குளோரோகுயின் மட்டும் குடுத்தாங்க, சரியாயிருச்சு. பிள்ள பொறந்து ரெண்டு மாசத்துல திரும்ப அதே குளிரு, ஸ்லைடுல பாசிட்டிவ். வீட்ல கிணறு, தொட்டி எல்லாம் மூடித்தான் வெச்சிருக்கோம், கொல்லைல தோண்டுன ஊத்தையும் மூடியாச்சு. எச்.ஐ.வி-னாலதான் திரும்பத் திரும்ப வருதா? – உச்சிப்புளி பக்கம்

பதில்: எச்.ஐ.வி மேல எல்லாப் பழியையும் போட வேணாம். வைவாக்ஸ் கிருமி கொஞ்சம் ஈரல்ல போயி தூங்கிக்கிட்டு இருக்கும், வாரமோ மாசமோ கழிச்சு முழிச்சு வரும், அதுக்குப் புதுசா கொசு கடிச்சிருக்க வேண்டியதில்ல. நல்லா இருக்கிறவங்களுக்கும் இப்படித்தான். ஈரல்ல தூங்குறத சாகடிக்க ப்ரைமாகுயின் 14 நாள் சாப்பிடணும், மாசமா இருக்கிறப்ப அது குடுக்கக் கூடாது, அதனாலதான் அப்ப உங்களுக்குக் குடுக்கல, சரியாத்தான் செஞ்சிருக்காங்க. பிள்ள பொறந்த பிறகு ஞாபகம் வெச்சு அதுக்கு ஏற்பாடு பண்ணியிருக்கணும், பிரசவ வார்டு வேற, மலேரியா பாக்குற இடம் வேற, அந்த நடுவுலதான் இது விட்டுப் போகுது. மாசமா இருக்கிறப்ப வைவாக்ஸ் வந்தவங்க எல்லாரும் தாய்-சேய் அட்டைல 'ப்ரைமாகுயின் பாக்கி'ன்னு நர்ஸ் அக்காகிட்ட சொல்லி எழுதி வாங்கிக்கங்க.

இப்ப திரும்ப குளோரோகுயின் முழுசா சாப்பிடுங்க. ப்ரைமாகுயினுக்கு முன்னாடி, அந்த மாத்திரை சிவப்பணுவ ஒடைச்சிருமான்னு பாக்குற ஜி6பிடின்னு ஒரு ரத்த டெஸ்ட், பால் குடிக்கிற பிள்ள இருக்கிறதனால உங்களுக்கும் பிள்ளைக்கும் ரெண்டு பேருக்குமே பாக்கணும், பாத்துட்டு எப்ப ஆரம்பிக்கலாம்னு டாக்டர் சொல்வார். பிள்ளைக்கும் ஒரு ஸ்லைடு பாத்துருங்க. ஆரம்பிச்ச பிறகு 14 நாளும் விடாம, வெறும் வயித்துல இல்லாம சாப்பிடுங்க, நடுவுல மூத்திரம் கருப்பா போனாலோ, கண்ணு மஞ்சளானாலோ, படியேற முடியாத அளவுக்குச் சோர்வு வந்தாலோ அந்த நேரமே மாத்திரைய நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க.